டேங்க்கை நிரப்பிவிட்டுப் போகும் திருடன்

அத்தியாயம் 11

வண்டியைத் திருடிக்கொண்டு போகிறவன், திருப்பிக் கொண்டுவந்து விடும்போது பெட்ரோலும் போட்டு வைப்பானா?

போன வாரம் சிஹாருவை இந்தக் கேள்வியோடுதான் விட்டுவிட்டு வந்தோம். மறந்தவர்களுக்காக நாலு வரி. தகேஹாராவில் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது இனோகுச்சி மோட்டார்ஸ். அப்பா தெட்சுரோ முதலாளி. அம்மா தமயோ ஆபீஸ் காகிதங்கள் மொத்தத்துக்கும் பொறுப்பு. ஒஸாகா வேலையை உதறிவிட்டு மூன்று வருடம் முன்பு திரும்பிவந்த மகள் சிஹாரு விற்பனையைப் பார்த்துக்கொள்கிறாள்.

கடை முற்றத்தில் ஷோரூம் கண்ணாடியை ஒட்டி ஓர் அடர்நீலக் கமோமே கார் நிற்கிறது. இரண்டே சீட், கையால் மடக்கிப் போடும் துணிக்கூரை, கிளட்ச் மிதித்துக் கியர் போடும் பழைய ரகம். பதினாறு வருடமாக உருவம் மாறாத வண்டி. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று போட்டோ எடுக்கிறார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. போன வருடம் இரண்டு போனது. இந்த வருடம் நவம்பர் பிறந்துவிட்டது, ஒன்றுகூட நகரவில்லை.

கம்பெனியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. சின்ன ஊர்க் கடைகளில் இனிமேல் கமோமே கிடையாதாம். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு லாரி வரும். அதற்குள் முற்றத்து வண்டியை யாராவது வாங்கினால் சரி. இல்லையென்றால் அது லாரியில் ஏறும்.

அந்த வியாழக்கிழமை இன்றுதான்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. அடுத்தடுத்து இரண்டு வியாழக்கிழமைகளில் கமோமேயின் கிலோமீட்டர் கூடியிருந்ததைப் பார்த்தபோது, தான்தான் தப்பாகக் குறித்துவிட்டோம் என்று சிஹாரு நினைத்தாள். இந்த முறை செவ்வாய்க்கிழமை மாலையே கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். இன்று காலை வந்து பார்த்தால் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் அதிகம். பெட்ரோல் முள் நிறைந்து நின்றது.

அதுதான் அவளைக் குழப்பியது. டெஸ்ட் டிரைவ் வண்டிக்குப் பத்து லிட்டருக்கு மேல் போட அப்பா ஒருநாளும் சம்மதித்ததில்லை. ஆனால் இரவல் வாங்கிய வண்டியை டேங்க் நிரப்பித்தான் திருப்பித் தர வேண்டும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த மரியாதை. ஆக, வந்த திருடன் தன்னைத் திருடன் என்றே நினைக்கவில்லை. இரவல் வாங்கியதாக நினைத்திருக்கிறான்.

சிஹாரு கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்காரப் போனாள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் அவ்வளவு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. பக்கத்து சீட்டோ நேர்மாறாக, போகிற மட்டும் பின்னால் தள்ளியிருந்தது.

குள்ளமான ஒருவர் ஓட்டியிருக்கிறார். நெட்டையான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறார்.

முற்றத்தின் மறுகோடியில் ரேடியோவில் தேகப்பயிற்சிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் மெக்கானிக் இசொபேயும் கைகளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிஹாரு போய் அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

“அப்பா, நேத்து கமோமேயை எடுத்தீங்களா?”

“நானா? என் இடுப்பு இருக்கிற நிலைமைல அதுல ஏறினா, இறக்கிவிட கிரேன்தான் வரணும்.” அவர் இடது பக்கம் சாய்ந்தார். “பாட்டு முடியற வரைக்கும் பேசாதே. எண்ணிக்கை தப்புது.”

“இசொபே சான், நீங்க?”

இசொபே தன் காலைக் காட்டினார். ஆறடி மனிதர். அந்த சீட்டில் அவர் உட்கார வேண்டுமென்றால் முட்டியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டியிருக்கும்.

“பக்கத்து சீட்ல உக்காந்தீங்களா?”

“யாரு ஓட்டினப்ப?” என்றார் இசொபே. அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. சிஹாரு அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

அவளையே சந்தேகப்படவும் வழியில்லை. கமோமேக்காக இந்தக் கடையில் உயிரை விடுகிறவள் அவள்தான். ஆனால் அவளிடம் இருப்பது ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டுமான லைசென்ஸ். கிளட்ச் இருக்கிற வண்டியை அவள் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், தெருவில் இறக்க முடியாது. அந்த வெட்கத்தை அவள் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை.

ஒன்பது மணிக்கு டோஃபு கடை நிஷிவாகி வந்தார். வாராவாரம் வியாழக்கிழமை வருவார். வந்ததும் நேரே ஷோரூமுக்குள் நுழைய மாட்டார். கமோமேயில் ஏறி, கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் கடலைப் பத்து நிமிடம் பார்ப்பார். இன்று சீட்டைப் பின்னால் தள்ள அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு இறங்கி, கைக்குட்டையால் கதவுப் பிடியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“இன்னிக்கு லாரி வருதாமே” என்றார்.

“ரெண்டு மணிக்கு” என்றாள் சிஹாரு. “நிஷிவாகி சான், கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. நாலு வருஷமா ஏறி உக்கார்றீங்க. ஏன் வாங்க மாட்டேங்கறீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “ரெண்டு சீட்டுல நான், என் பொண்டாட்டி, அவ அம்மா, அறுபது கட்டி டோஃபு. எப்படி ஏத்தறதுன்னு நீயே சொல்லு.”

வாங்கப் போவது எட்டுப் பேர் உட்காரும் வெள்ளை வேன். அதற்கான கையெழுத்து ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது, வண்டி நிறுத்த இடம் உண்டு என்று போலீஸ் தரும் நிறுத்துமிடச் சான்றிதழ் மட்டும்; அது இல்லாமல் வண்டியைப் பதிய முடியாது. அது அம்மாவின் வேலை.

தமயோ தன் மேசையில் வரைபடத்தை விரித்து, கவராயத்தின் ஒரு காலை நிஷிவாகியின் கடை மேல் ஊன்றி, இன்னொரு காலால் வட்டம் போட்டாள். நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத மனுஷி. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது, கீழே ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி வைத்திருப்பாள்.

“வண்டி நிறுத்த நீங்க காட்டற இந்த இடம் ஆகாதுங்க” என்றாள் மிருதுவாக. “வண்டி வெச்சிருக்கறவர் இருக்கற இடத்துலேருந்து, வீடோ கடையோ, நேர்கோட்டுல ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். இது முன்னூறு மீட்டர் அதிகம்.”

“முன்னூறு மீட்டர்தானே, தமயோ சான். கண்ணை மூடிக்கிட்டு எழுதிடுங்களேன்.”

“நான் மூடிக்குவேன். போலீஸ் மூட மாட்டாங்களே.”

தெட்சுரோ கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். வாடிக்கையாளர் முன்னால் அவருக்கு எப்போதும் ஒரு உற்சாகம் வந்துவிடும்.

“அவகிட்ட கெஞ்சாதீங்க நிஷிவாகி சான். முப்பத்தாறு வருஷத்துல ஒரு காகிதம் தப்பினதில்ல. நான் படிச்சே பாக்கறதில்ல, காட்டின இடத்துல முத்திரை குத்திடுவேன்.” பிறகு வழக்கமான நகைச்சுவை வந்தது. “லைசென்ஸ்கூடப் பாருங்க, எங்க வீட்ல அவளுக்கு மட்டும்தான் தங்கப் பட்டை. ஒரு தப்பும் பண்ணாதவங்களுக்குத் தர்றது. வண்டியையே ஓட்டலன்னா தப்பு எங்கேருந்து வரும்?”

நிஷிவாகி சிரித்தார். தமயோவும் சிரித்தாள். அந்த ஜோக்குக்கு அவள் இருபத்தெட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தெட்டு வருடம் முன்பு என்ன நடந்தது என்பது சிஹாருவுக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு ஆறு வயது. அப்போதுதான் வந்திருந்த முதல் கமோமேயை அம்மா ரிவர்ஸ் எடுத்தாள். ஷோரூம் கண்ணாடி மொத்தமும் கொட்டியது. யாருக்கும் அடியில்லை. உள்ளே நாலு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அப்பா நிலைமையைச் சமாளிக்க, “இனிமே நீ காகிதத்தைப் பாரு, வண்டியை நான் பாத்துக்கறேன்” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மா இடுப்பு வளைய ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அதன் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

சிஹாரு மேசைக்கு அடியில் இருந்த டெலிபோன் டைரக்டரியைப் பார்த்தாள். அம்மாவின் குட்டைக் கால்கள் அதன் மேல் ஒழுங்காக ஊன்றியிருந்தன. அம்மாவின் லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அந்தக் காலத்து லைசென்ஸில் கிளட்ச் வண்டியும் ஓட்டலாம்.

இருக்காது என்று நினைத்துக்கொண்டு அவள் டெலிபோனை எடுத்தாள். இரண்டு மணிக்கு ஐந்து மணி நேரம் கூட இல்லை. கமோமேக்கு ஒரு ஆள் பிடிக்க வேண்டும்.

முன்பு கமோமே வைத்திருந்த பல் டாக்டர், “அதை வித்த அன்னிக்கு அழுதேன்மா” என்றார். மறுபடி வாங்குவீர்களா என்றதும், மகன் பெரியவனானதும் வாங்கட்டும் என்று இருந்ததாகவும், அவன் இன்னும் லைசென்ஸே எடுக்கவில்லை என்றும் சொன்னார். கல்யாண மண்டபத்துக்காரர் ஜோடிகளை நிறுத்திப் போட்டோ எடுக்க மட்டும் ஒருநாள் கிடைக்குமா என்று கேட்டார். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, “அது இன்னும் வருதா? நிறுத்திடக் கூடாது, சொல்லிட்டேன்” என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவள் ஓட்டுவது வேறொரு கம்பெனியின் வேனை.

பதினெட்டு பேர். ஒருவர் விடாமல் அந்த வண்டியின் மேல் பிரியம் வைத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. இத்தனை பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிஹாருவுக்கு அழுகையாக வந்தது.

ஒன்றரைக்குப் பின்கட்டில் தேநீர் போட அம்மா எழுந்து போனாள். சிஹாரு பின்னாலேயே போய்க் கதவோரம் சாய்ந்து நின்றாள்.

“யாரும் சிக்கலம்மா.”

“ம்.”

“ஒருத்தர் மட்டும் அரை மனசா இருக்கார். கிளட்ச் ரொம்பக் கடினமா இருக்குமான்னு கேட்டார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

“கடினமே இல்லைன்னு சொல்லு” என்றாள் தமயோ, கெட்டிலில் தண்ணீர் பிடித்தபடி. “கொஞ்சம் மேல வந்துதான் பிடிக்கும். அவசரப்பட்டுக் காலை எடுத்தா குதிக்கும். பழகிட்டா...”

தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள்.

“பழகிட்டா?” என்றாள் சிஹாரு.

தமயோ துணியை எடுத்து, வழிந்த இடத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“நீயாம்மா?”

“டேங்க் நிரப்பித்தான் வெச்சேன்.”

“அதனாலதான் மாட்டிக்கிட்டே. எவ்வளவு நாளா?”

“ஏப்ரல்லேருந்து.” கெட்டிலை அடுப்பில் வைத்தாள். குரலில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. அதுதான் சிஹாருவுக்கு அதிசயமாக இருந்தது. “முதல்ல முற்றத்துலயே முன்ன பின்ன. அப்புறம் துறைமுகம் வரைக்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம் தூரம். உங்கப்பா புதன்கிழமை மீன் பிடிக்கப் போனா சாயங்காலம்தானே வருவார்.”

“எங்க போறே?”

“கடல் பாக்க.”

“அம்மா, கடல் எதிர்ல இருக்கு. ரோட்டைத் தாண்டினா கடல்.”

“இது இந்தப் பக்கத்துக் கடல்” என்றாள் தமயோ. “கூரையை மடக்கிட்டுப் போனா காது ரெண்டும் மரத்துப் போகும், சிஹாரு. ஹீட்டரைக் கால்ல வெச்சுக்கணும். மேல குளிர், கீழ சூடு. வெந்நீர்க் குளத்துல உக்காந்த மாதிரி இருக்கும். வயசானவ இப்படிச் சொன்னா சிரிப்பியா?”

சிஹாரு சிரிக்கவில்லை. இந்த வண்டியை விற்க மூன்று வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்த வார்த்தைகள் அவை. பின்கட்டில் இத்தனை நாளும் தேநீர் போட்டுக்கொண்டு நின்றிருக்கின்றன.

“பக்கத்து சீட் ஏன் அவ்வளவு பின்னால போயிருக்கு?”

“பை வெச்சேன்.”

“பைக்கு அவ்வளவு நீளக் காலா?”

தமயோ கோப்பைகளை வரிசையாக வைத்தாள். நாலு கோப்பை போதும். அவள் ஐந்து வைத்தாள், ஒன்றைத் திருப்பி எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. மணி ஒன்று நாற்பது. கம்பெனி ஆட்கள் எப்போதும் இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிடுவார்கள்.

கம்பெனியின் வட்டார அதிகாரி ஹமாசாகி இறங்கியதும் வணக்கமாகக் குனிந்தார், முற்றத்தில் குனிந்தார், ஷோரூம் வாசலில் மறுபடி குனிந்தார். பெரிய சங்கடத்தில் இருக்கிற மனிதர் என்பது தெரிந்தது. தேநீரைக் குடிக்கும்போதுகூட அவர் கண் கண்ணாடிக்கு வெளியே இருந்த நீல வண்டியில்தான் இருந்தது.

“எங்க ஆபீஸ்ல கடிதம் டைப் அடிச்ச பொண்ணுகூட வருத்தப்பட்டா” என்றார். “நானும்தான். காலேஜ்ல இதோட படத்தைச் சுவத்துல ஒட்டியிருந்தேன்.”

“இப்ப எது ஓட்டறீங்க?” என்று கேட்டாள் சிஹாரு.

அவர் கோப்பைக்குள் பார்த்தார். “வேன்தான். ரெண்டு குழந்தைங்க.”

“அப்புறம் யாருதான் வாங்குவாங்க, ஹமாசாகி சான்?”

தெட்சுரோ மகளைப் பார்த்து விடு என்பதுபோல் கையைக் காட்டினார். அவர் முத்திரைக் கட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, சிவப்பு மையில் ஒற்றினார். கமோமேயை இந்த ஊரில் முதலில் இறக்கியவர் அவர். அந்த வண்டி வந்த வருடத்தில் முப்பத்தொன்று விற்று, ஹிரோஷிமாவில் மேடையேறிப் பரிசு வாங்கியவர். ஒப்படைப்புக் காகிதத்தின் மேல் முத்திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“ஒரு நிமிஷம்” என்றாள் தமயோ.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் காகிதங்கள் ஓரம் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன.

“ஹமாசாகி சான், வண்டியை இப்ப ஒருத்தர் வாங்கினா லாரில ஏத்த வேண்டாம், இல்லையா?”

“வேண்டாம்தான். ஆனா யாரு...”

“நான்.”

தெட்சுரோ முத்திரையைக் கீழே வைத்தார். ஒரு கணம் அனைவரையும் பார்த்தார். பிறகு, வாடிக்கையாளர் முன்னால் வருகிற அந்தப் பழைய உற்சாகம் தானாகவே வந்துவிட்டது.

“முதல்ல கண்ணாடிக்காரனுக்குப் போன் போடுங்கப்பா” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. இசொபே வாசலில் நின்று தன் பூட்ஸைப் பார்த்தார். சிஹாருவுக்கு முதல்முறையாக அப்பா மேல் நிஜமான கோபம் வந்தது. ஆறு வயதிலிருந்து வந்திருக்க வேண்டிய கோபம்.

தமயோ கோபப்படவில்லை. சாவிப் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சீட்டை முன்னால் இழுக்கும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. கொக்கிகளை விடுவித்து, உட்கார்ந்தபடியே ஒற்றைக் கையால் கூரையைப் பின்னால் தள்ளி மடக்கினாள். வண்டியை முன்னால் எடுத்து, சாலை ஓரம் வரை போய் நின்றாள்.

பிறகு ரிவர்ஸ் எடுத்தாள்.

ஒரு பக்கம் லாரி. மறுபக்கம் கண்ணாடி. இடையில் இருந்த இடத்தில் இசொபேகூட இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் நுழைவார். தமயோ தலையைத் திருப்பி, வலது கையை ஸ்டியரிங்கில் வைத்து, ஒரே சீராக வந்தாள். கண்ணாடிக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினாள். பின்விளக்கின் சிவப்பு, ஷோரூமுக்குள் நின்ற தெட்சுரோவின் சட்டையில் விழுந்தது.

அவர் விரல் நுனியால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

தமயோ திரும்பி வந்ததும் மெல்லிய குரலில் கேட்டார். “பணம்?”

“முப்பத்தாறு வருஷமா அதை நீங்க கேட்டதில்ல. இப்பவும் கேக்காதீங்க.” அவள் உறையிலிருந்து காகிதங்களை எடுத்து அவர் முன்னால் பரப்பினாள். “விற்பனை ஒப்பந்தம். பெயர் மாத்த விண்ணப்பம். முத்திரைச் சான்று. இன்சூரன்ஸ். நிறுத்துமிடச் சான்றிதழ். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு.”

தெட்சுரோ அவள் விரல் காட்டிய இடங்களில் எல்லாம் முத்திரை குத்தினார். படிக்கவில்லை. கடைசி முத்திரை சற்றுச் சாய்ந்தது. சுவரில் இருந்த நாள்காட்டியை ஹமாசாகி எட்டிப் பார்த்தார்.

“நாள்கூட நல்ல நாளாத்தான் பாத்திருக்காங்க” என்றார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி. வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு திரும்புவதில் யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க முடியாது.

தமயோ மேலங்கியை மாட்டிக்கொண்டு, காது மறைய ஒரு கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“ஒண்ணு கேக்கணும். வாங்கினவங்க வண்டியை எடுத்துட்டுக் கிளம்பும்போது நீங்க என்ன செய்வீங்களோ, எனக்கும் அதையே செய்யணும்.”

“செய்யறோம்” என்றார் தெட்சுரோ.

செய்தார்கள். தெட்சுரோ, சிஹாரு, இசொபே மூவரும் சாலை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஹமாசாகியும் ஓடிவந்து கடைசியில் சேர்ந்துகொண்டார். நீல வண்டி சாலையில் இறங்கியது. தெட்சுரோ இரண்டு பக்கமும் பார்த்து, வருகிற ஸ்கூட்டரைக் கைகாட்டி நிறுத்தி, வழிவிட்டார். பிறகு, “ரொம்ப நன்றிங்க” என்று உரக்கச் சொல்லி இடுப்பு வரை குனிந்தார். நால்வரும் குனிந்தார்கள். வண்டி கண்ணை விட்டு மறைகிற வரை நிமிரக் கூடாது என்பது இந்தக் கடையின் சட்டம்.

குனிந்த நிலையிலேயே தெட்சுரோ சொன்னார். “அவ பேர்ல எழுதிக் குடுத்துட்டேன். வண்டி நம்ம முற்றத்துலதானே நிக்கும். போறவங்க வர்றவங்க பாக்கலாம். நீயும் கியர் லைசென்ஸ் எடு, சிஹாரு. வெக்கக்கேடா இருக்கு.”

அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சிஹாருவுக்குப் பட்டது. அம்மாவிடம் நேரே கேட்கத் தெரியாமல், மகளிடம் சுற்றி வளைத்துக் கேட்கிறார். அவள் மனசு நிறைந்துவிட்டது.

பெயர் மாற்றக் காகிதங்களைத் தானே வாங்கிக்கொண்டு போய் ஆபீஸில் கொடுத்துவிடுவதாக ஹமாசாகி சொல்லியிருந்ததால், உறை சிஹாருவின் அக்குளில்தான் இருந்தது. நழுவப் போனதைப் பிடித்தபோது மேலே இருந்த காகிதம் கண்ணில் பட்டது. நிறுத்துமிடச் சான்றிதழ். அதில் குத்தியிருந்த முத்திரை இந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுடையது அல்ல.

அவள் ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள்.

“அப்பா, வண்டி நிறுத்தற இடம்னு மிஹராவுல ஒரு விலாசம் போட்டிருக்கு.”

“மிஹராவா? தப்பா எழுதியிருப்பா.”

“அம்மாவா?”

ஒரு காகிதம்கூடத் தப்பாதவள் என்று முப்பத்தாறு வருடமாக அவளைப் பற்றிப் பெருமையடித்தவர் தெட்சுரோதான்.

“இங்கேருந்து மிஹரா எவ்வளவு?” என்று இசொபே கேட்டார்.

“போக இருபத்தாறு. வர இருபத்தாறு” என்றாள் சிஹாரு.

வண்டி இருக்கிற இடத்துக்கும் ஆள் இருக்கிற இடத்துக்கும் நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர். முன்னூறு மீட்டர் கூடினாலும் போலீஸ் ஒத்துக்கொள்ளாது. காலையில் கவராயத்தை ஊன்றிக்கொண்டு தமயோதான் சொன்னாள். வீடோ கடையோ என்றும் சொன்னாள். அப்படியானால் மிஹராவில் அவளுக்கு ஒரு வீடோ கடையோ இருக்கிறது; இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

தூரத்துத் திருப்பத்தில் நீல வண்டி இடது பக்கம், கிழக்கே, மிஹரா போகும் சாலையில் மறைந்து வெகுநேரம் ஆகிவிட்டது. தெட்சுரோ நிமிரவில்லை. அவர் நிமிராததால் ஹமாசாகியும் நிமிரவில்லை.

“சிஹாரு” என்றார் தெட்சுரோ, தரையைப் பார்த்தபடியே. “ரெண்டு சீட்ல ஒண்ணு காலியாத்தானே போச்சு?”

“காலியாத்தான் போச்சுப்பா” என்றாள்.

அந்தக் காலி சீட் இன்னமும் போகிற மட்டும் பின்னால் தள்ளியே இருந்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை.